தள்ளின வண்டிக்குத்தான் கதை

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் கார் வைத்திருப்பவரிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேளுங்கள். "சௌக்கியம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான். தட்டுக்கடைப் பெஞ்சில் நமக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, இன்னொரு சாயாவும் சொல்லிவிடுவார். காசு அவர் கொடுப்பார். நேரம் நாம் கொடுக்க வேண்டும்.

நான் சொல்வது நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து டெக்னோபார்க் வேலைக்கு வந்து, இங்கேயே ஃபிளாட் வாங்கித் தங்கிவிட்ட நம் கார்க்காரரை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மலையாளம் சரளமாகப் பேசுவார். போர்டு படிக்க மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடுவார். தலையில் முடி குறைந்ததும் இடுப்பில் சுற்றளவு கூடியதும் அவர் கவனத்துக்கு வரவில்லை. ஆனால் அடித்தளப் பார்க்கிங்கின் அரையிருட்டில், பின் பம்பரில் விழுந்த நகக்கீறல் அளவு கோட்டை இருபது அடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் அன்றைக்கு வேறு யாரும் குட்மார்னிங் போட முடியாது.

காலையில் வண்டியை அவரே துடைப்பார். வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவி வைத்ததாகச் சரித்திரம் இல்லை. வண்டிக்கு மட்டும் கண்ணாடிக்கு ஒரு துணி, பாடிக்கு ஒரு துணி, டாஷ்போர்டுக்கு ஒரு துணி. மாற்றிப் போட்டால் கோபம் வரும். துடைத்து முடித்ததும் முந்நூறு மீட்டரில் இருக்கும் கடைக்குப் பால் வாங்க அதே வண்டியில் கிளம்புவார்.

"பக்கத்துல தும்பாவுல ராக்கெட் பாகத்தையே சைக்கிள் கேரியர்ல வச்சுத் தள்ளிட்டுப் போன படம் இருக்கு. உங்களுக்கு அரை லிட்டர் பாலுக்குக் கார் வேணுமாக்கும்!" என்பார் மனைவி.

1963 நவம்பர் 21-ல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவிய இடம் தும்பா. நம்மவருக்கும் அதில் பெருமைதான். ஆனால் பதில் தயாராக வைத்திருப்பார்: "இன்ஜின் சூடாகணும். நிறுத்தியே வச்சா பேட்டரி இறங்கிரும்." மனைவி முழங்கால் வலியோடு மாடியேறும்போது இந்த மாதிரி ஒரு விஞ்ஞான விளக்கமும் வந்ததில்லை.

அவர் முதலில் பேசுவது மைலேஜ். இதில் மூன்று கணக்கு உண்டு: கம்பெனி சொல்வது, வண்டி கொடுப்பது, அவர் சொல்வது. கம்பெனி இருபத்திரண்டு என்கிறது, வண்டி பதினான்கு கொடுக்கிறது. "மைலேஜ் எத்ர கிட்டும் சாரே?" என்று யாராவது கேட்டால், இரண்டு தரப்புக்கும் மனம் நோகாமல் "பதினெட்டு" என்பார். பைபாஸில் என்றால் "இருபது". கேட்டவர் "எனக்கு இருபத்தொண்ணு கிட்டுந்நுண்டு" என்று சொல்லிவிட்டால், நம்மவர் அடுத்த சாயாவுக்குள் இருபத்திரண்டைத் தொட்டுவிடுவார். ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லாமல் மைலேஜ் கூடுவது உலகத்திலேயே சாயாக்கடையில்தான்.

கழக்கூட்டம் சந்திப்பில் மேம்பாலம் கட்டிய வருஷங்களில் இந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் பங்கம் வந்தது. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பது போய், ஒரு மணி நேரம் நகராமல் நின்றால் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. 2022 கடைசியில் பாலம் திறந்தது. இரண்டே முக்கால் கிலோமீட்டர். அன்று வேலை எதுவும் இல்லாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டிப் பார்த்தவர்களில் நம்மவரும் உண்டு. வந்து சொன்னார்: "பாலத்து மேல பத்தொம்பது குடுக்கு."

மைலேஜ் முடிந்தால் நம்பர். அவர் வண்டி டிஎன் 74, நாகர்கோவில் பதிவு. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓடும் வண்டி அந்த மாநிலப் பதிவுக்கு மாற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வருஷக்கணக்கில் அவர் ஒவ்வொரு சோதனையிலும் "இன்னலே வந்நதே உள்ளு சாரே" என்று சொல்லிவந்தார். நேற்றுத்தான் வந்தேன் என்பதை அவ்வளவு சுத்தமான மலையாளத்தில் சொன்னதுதான் காட்டிக்கொடுத்தது. பிறகு நாகர்கோவிலில் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, கேஎல் 22 ஆனார். மகளைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவர் அப்படிக் கண்கலங்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். பழைய நம்பர் பிளேட்டைத் தூக்கிப்போட மனமில்லாமல் அலமாரியில், மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

2019-ல் திருவனந்தபுரத்தில் ஒருவர் தம் புது வண்டிக்கு ஒன்றாம் நம்பரை 31 லட்ச ரூபாய்க்கு ஏலம் எடுத்தார். நம்மவர் அன்று முழுக்கக் கொதித்தார். "அந்தக் காசுக்கு மூணு வண்டி வாங்கலாமே! நம்பருலயா ஓடுது வண்டி?" நியாயமான கேள்வி. ஆனால் தம் சொந்த நம்பரைக் கூட்டினால் ஒன்பது வருகிறதா என்று ஜோசியரிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் முன்பணமே கட்டியிருந்தார்.

2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் ஏஐ கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. சீட் பெல்ட் போடாததற்கு அவருக்கும் 500 ரூபாய்ச் சலான் வந்தது, படத்தோடு. மனைவி தொகையைப் பார்த்தார். அவர் படத்தைப் பார்த்தார். "வண்டி நல்லா விழுந்திருக்கு, இல்லியா?" என்றார். கொஞ்ச நாள் அதுதான் அவர் போனில் முகப்புப் படம்.

இதுவரை சொன்னதெல்லாம் இப்போது ஓட்டும் வண்டியைப் பற்றி. கவனித்தால் எல்லாம் எண்ணாகவே இருக்கும்: மைலேஜ், சிசி, ஏர்பேக் எத்தனை, மோதல் சோதனையில் நட்சத்திரம் எத்தனை. விற்றுவிட்ட வண்டியைப் பற்றிப் பேச்சு வரட்டும், குரலே மாறிவிடும். எண்கள் ஓய்ந்து ஆட்கள் வருவார்கள், மழை வரும், பாதிராத்திரியில் கதவைத் தட்டி எழுப்பிய மெக்கானிக் வருவார்.

அவருடைய தாத்தா காலத்தில் ஊருக்கு இரண்டு அம்பாசடர். ஒன்று டாக்டருடையது, மற்றது வாடகைக்கு. கியர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும். முகப்பு விளக்கைத் தாழ்த்துவதற்குத் தரையில் ஒரு பொத்தான், இடதுகாலால் மிதிக்க வேண்டும். முன்சீட்டில் மூன்று பேர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அந்தக் கதையைச் சொல்லும்போது பெஞ்சில் உட்கார்ந்தபடியே இடதுகாலை ஒரு மிதி மிதிப்பார். 2014-ல் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்ற செய்தி வந்த அன்று ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டார். அவர் அம்பாசடர் வைத்திருந்ததே இல்லை.

அவர் முதலில் வாங்கியது செகண்ட் ஹேண்ட் பிரீமியர் பத்மினி. "டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இந்தியாவில் விற்ற பழைய கார்களை எல்லாம் டாக்டர்களே ஓட்டியிருந்தால் நோயாளிகளை யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. வெயில் ஏறினால் அந்த வண்டிக்குப் பெட்ரோல் ஏறாது. பம்ப் சூடாகி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். நடுரோட்டில் நிற்கும். பானெட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி, அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

"பாலராமபுரத்துல நின்னுட்டு. நல்ல உச்சி வெயிலு. முன்னால பஸ்ஸு, பின்னால பஸ்ஸு. நான் பதறல. ஒரு துணிய நனைச்சுப் பம்புல சுத்தினேன். பத்தே நிமிஷம். ஒரே செல்ஃபுல எடுத்துட்டு. அதுவாக்கும் வண்டி!"

இந்தக் கதையை மனைவி இல்லாத இடத்தில்தான் சொல்வது வழக்கம். ஒருநாள் அவர் இருந்துவிட்டார்.

"துணியா? என் தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பந்தான் அந்தக் கடைல எடுத்த கைத்தறிப் புடவையாக்கும் அது. பத்து நிமிஷமும் இல்ல, ஒண்ணரை மணிக்கூறு. செல்ஃபும் எடுக்கல. சந்தை வரைக்கும் நான் தள்ளினேன். இவுங்க உள்ள இருந்து ஸ்டீயரிங் பிடிச்சாங்க."

கார்க்காரர் கலங்கவில்லை. உத்ராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவைத் துணைக்குக் கூப்பிட்டார். திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெரியவர். 2011-ல் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைத் திறக்க, உலகமே வாய்பிளந்தபோது கோயில் பொறுப்பில் இருந்தவர். அவர் நினைத்தால் மாசத்துக்கு ஒரு வண்டி மாற்றலாம். ஆனால் 1955-ஆம் வருஷத்து பென்ஸ் 180டி ஒன்றைக் கடைசிவரை வைத்திருந்தார்; அதற்குப் பதிலாகப் புது வண்டியே தருகிறோம் என்று கம்பெனி கேட்டும் கொடுக்கவில்லை என்பது இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் கதை.

"பாத்தியா? பழைய வண்டியோட அருமை ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ராஜாவுக்கு டிரைவர் உண்டு. தள்ளுகதுக்கு ஆளும் உண்டு. இங்க ரெண்டும் நானாக்கும்."

பத்மினிக்குப் பிறகு மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி தம் கையால் கொடுத்த அதே மாடல். அது ஒழுங்காக ஓடியது. அதனாலோ என்னவோ அதைப் பற்றிக் கதையே இல்லை, விற்ற பிறகு நடந்த ஒன்றைத் தவிர. விற்று ஆறு மாசம் கழித்து ஸ்ரீகாரியத்தில் அதைக் கண்டார். தாம் போகவேண்டிய திசையை மறந்து, அதன் பின்னாலேயே உள்ளூர் சந்திப்பு வரை போனார். இராத்திரி சோறு இறங்கவில்லை. "பின் டயர்ல காத்தே இல்ல. கிளட்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுகான் பாவி."

இப்போதைய வண்டியில் அவருக்குக் குறையே இல்லை, அதுதான் குறை. சாவியைத் திருப்பக்கூட வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். சோக் இழுக்க வேண்டாம், ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி யார் வீட்டுக் கிணற்றடிக்கும் போக வேண்டாம். டயரில் காற்று குறைந்தால் வண்டியே சொல்கிறது. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. ஒரு தடவைகூட யாரும் ஓடிவந்து தோள் கொடுக்கவில்லை. முன்னே பின்னே தெரியாத யார் வீட்டிலும் கருப்பட்டிக் காப்பி குடிக்கவில்லை. நின்றுபோன வண்டியால் கிடைத்த சிநேகங்கள் இன்றைக்கும் அவர் போனில் இருக்கின்றன. ஓடுகிற வண்டி கொடுத்தது இஎம்ஐ மெசேஜ் மட்டும்தான்.

போன வாரம் அவர் டீமில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் சாயாக்கடையில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். எலெக்ட்ரிக் கார் வாங்கி இரண்டு மாசம். கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும்போது சார்ஜ் நான்கு சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஏசியை அணைத்து, பாட்டை நிறுத்தி, கடைசியில் மூச்சைக்கூட மெதுவாக விட்டிருக்கிறான். நெய்யாற்றின்கரைக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, மோட்டார் போடும் பிளக்கில் சொருகிக்கொள்ளட்டுமா என்று கேட்டானாம். அவர்கள் வயரும் கொடுத்து, கப்பையும் மீன்கறியும் போட்டு, பிள்ளையின் இன்ஜினியரிங் அட்மிஷன் பற்றி யோசனையும் கேட்டு, இராத்திரி பதினோரு மணிக்கு வழியனுப்பினார்களாம்.

பெஞ்சில் இருந்தவர்கள் கண்கொட்டாமல் கேட்டார்கள். நம்மவர் முகம் மட்டும் வாடிவிட்டது.

"அண்ணா, உங்க வண்டி எப்படி?" என்றான் பையன் மரியாதைக்கு.

"என் வண்டியா? எங்கயும் நின்னதே இல்ல" என்றார், யாருக்கோ சொத்தை எழுதிக்கொடுத்துவிட்ட குரலில்.

"பின்னே எந்தா சாரே பிரச்னம்?" என்று கடைக்காரர் கேட்டார். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று இராத்திரி சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு மெல்ல ஆரம்பித்தார். பெட்ரோல் விலை, சுற்றுச்சூழல், பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகும் காற்று, எல்லாவற்றையும் சொல்லி எலெக்ட்ரிக் காருக்கு வந்து சேர்ந்தார்.

மனைவி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். "வழியில நின்னா என்ன செய்யணும்?"

"நிக்காது. ஒருவேளை நின்னா லாரி வந்து ஏத்திட்டுப் போகும். அந்த வண்டியத் தள்ளக் கூடாதுன்னு புக்குலயே போட்டிருக்கு."

"தள்ளவே கூடாதா?"

"கூடாது."

"அப்பம் நாளைக்கே போயி புக் பண்ணுங்க."