ஏக-அலுமினியமும் ஒரு சந்திப் பிழையும்

வேதியியல் உலகம் ஒன்றரை நூற்றாண்டாகக் கண்டும் காணாமல் விட்டிருக்கும் ஓர் இலக்கணக் குற்றத்தை இவ்வாய்வு அம்பலப்படுத்துகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் திமீத்ரி மெண்டலீவ். குற்றம்: சந்தி சேர்க்காமை.

1871-இல், தனிம அட்டவணையில் காலியாகக் கிடந்த மூன்று கட்டங்களுக்கு அவர் ஏக-போரான், ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான் என்று பெயர் வைத்தார். தெரிந்த தனிமத்துக்கு ஒரு படி கீழே வரவேண்டியது ஏக. இரண்டு படி என்றால் துவி. மூன்று என்றால் திரி. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதன் ரசாயன வடிவம் இது. வேறுபாடு ஒன்றுதான்: வரப்போகிறவரின் எடையையும் மெண்டலீவ் துண்டிலேயே எழுதிவைத்தார்.

1875-இல் பிரான்சின் லெகோக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்தார். (காலியிடத்துக்குக் காலியம் வந்தது தற்செயலே, அதன்மேல் யாரும் கோட்பாடு கட்ட வேண்டாம்.) அடர்த்தி 4.7 என்றார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், 5.9-க்குக் குறையாது, சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள், 5.9. பின்னர் 1879-இல் ஸ்காண்டியமும் 1886-இல் ஜெர்மானியமும் வந்து தத்தம் இருக்கைகளில் அமர்ந்தன.

ரஷ்யருக்கு எதற்குச் சமஸ்கிருத எண்கள்? பாணினியின் இலக்கணத்தைப் பதிப்பித்த ஓட்டோ போட்லிங்க் பீட்டர்ஸ்பர்க்கில் மெண்டலீவின் நண்பர்; ஒலிகளை வரிசையும் வர்க்கமுமாக அடுக்கும் வடமொழி எழுத்துமுறைக்கு இது மரியாதையாக இருக்கலாம் என்பது மொழியியலாளர் பால் கிபார்ஸ்கியின் ஊகம். அழகான ஊகம். ஆனால் ஓர் இடையூறு. அகரத்தோடு அகரம் சேர்ந்தால் ஆகாரம்: ஏக, அந்தம் இரண்டும் சேர்ந்து ஏகாந்தம் ஆவதுபோல, ஏகாலுமினியம் என்றே வந்திருக்க வேண்டும். பாணினியைப் பதிப்பித்த கை இந்தச் சிறு கோட்டை விட்டுவைத்திருக்குமா? ஆகவே போட்லிங்க் மெண்டலீவின் கையெழுத்துப் பிரதியைப் பார்க்கவே இல்லை என்பது எமது முடிபு. மறுப்போர் ஏகாதசி விரதமிருந்து யோசிக்கட்டும்.

பெர்லினில் நிலைமை இன்னும் மோசம். 1930-களில் ஓட்டோ ஹானும் லிசே மைட்னரும் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கி, கிடைத்தவற்றுக்கு ஏக-ரீனியம், ஏக-ஓஸ்மியம், ஏக-இரிடியம், ஏக-பிளாட்டினம் என்று வரிசையாகத் துண்டு போட்டார்கள். முறைப்படி ஏகௌஸ்மியம், ஏகேரிடியம் என்றல்லவா வரவேண்டும்! 1938 இறுதியில் ஹானும் சக வேதியியலாளர் ஸ்ட்ராஸ்மனும் அவற்றிடையே பேரியத்தைக் கண்டதும் குட்டு உடைந்தது. யுரேனியத்துக்கு அப்பாற்பட்டவை என்று கருதப்பட்டவை, யுரேனியம் பிளந்து சிதறிய துண்டுகள். இலக்கணப் பிழையற்ற ஏக-ரீனியமும் ஏக-பிளாட்டினமும் கூடவே கவிழ்ந்தது எமது வாதத்துக்குச் சற்று அசௌகரியம்தான், மேலே செல்வோம்.

1970-களின் இறுதியில் சர்வதேச வேதியியல் ஒன்றியம் உறவுமுறையே வேண்டாமென்று, அணு எண்ணின் இலக்கங்களை இலத்தீனும் கிரேக்கமும் கலந்து ஒட்டவைத்தது. 111-ஆம் தனிமம், ரான்ட்ஜெனியம் என்று பெயர் பெறும்வரை, உன்-உன்-உன்-இயம். யாரோ யாரையோ அதட்டுவது போலிருக்கிறது.

இன்னும் கண்டுபிடிக்கப்படாத 119-க்கு இரு பெயர்களும் புழங்குகின்றன: உன்உன்என்னியம், ஏக-பிரான்சியம். இவ்வாய்வாளர் இரண்டாவதையே பரிந்துரைக்கிறார். நிலைமொழி உயிரில் முடிந்தாலும் வருமொழி மெய்யில் தொடங்குவதால், பாணினி தரப்பிலும் ஆட்சேபம் இராது.