வால் ஆடினால் வலி போய்விட்டதா?

நாய்க்கு மசாஜ் என்றதும் சிரிக்காதவர்கள் குறைவு. "வீட்டில் தாத்தாவுக்குக் கால் பிடித்துவிட ஆளில்லை, நாய்க்கு முதுகு பிடிக்கிறார்களாம்" என்ற வசனம் எல்லோர் நாக்கிலும் தயாராக இருக்கிறது. நல்ல வசனம்தான், ஆனால் தாத்தாவுக்கு ஆளில்லாமல் போனது நாயின் குற்றமல்ல. இந்தத் தொழில் வேரூன்றியிருக்கும் பிரிட்டனைப் பார்த்தால் சிரிப்பு நம் பக்கமே திரும்பிவிடும். நம்மில் பலர் முடிவெட்டப் போன இடத்தில் கழுத்தை நீட்டி, 'சொடக்'கென்று ஒரு திருப்பு திருப்பிக்கொண்டு வருகிறோம்; திருப்பியவர் என்ன படித்தார் என்று கேட்பதில்லை. பிரிட்டனில் நொண்டி நடக்கும் ஒரு லாப்ரடாரின் தொடையில் சிகிச்சை என்று சொல்லிக் கைவைக்க வேண்டுமானால், கால்நடை மருத்துவர் ஒருவர் முதலில் அதைப் பரிசோதித்துச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டமும் 2015-இல் வந்த விலக்கு ஆணையும் அப்படித்தான் வகுத்திருக்கின்றன. கழுத்து விஷயத்தில் நம்மைவிட அந்த நாய்க்குப் பாதுகாப்பு அதிகம்.

என் கட்சி இதுதான்: நாய்க்கு மசாஜ் செய்வது கேலிக்குரிய காரியமல்ல, ஆனால் அதனால் பலன் கிடைத்ததா என்று தீர்ப்புச் சொல்ல, வளர்ப்பவர் தகுதியானவர் அல்ல. முதல் பாதிக்கு நாயின் உடம்பே சாட்சி. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான் இறங்குகிறது. நமக்கு இருப்பதுபோன்ற காறை எலும்பு அதற்கு உருப்படியாக இல்லை. முன்னங்கால்களை உடம்போடு கட்டி வைத்திருப்பது தசைதான். இப்படிப்பட்ட அமைப்பில் இடுப்பு மூட்டு தேய்ந்துபோன ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் என்ன செய்யும்? வலிக்கும் பின்னங்காலுக்கு ஓய்வு கொடுத்துப் பாரத்தை முன்னால் தள்ளும். ஒருவர் வேலையைத் தட்டிக்கழித்தால் ஒழுங்காகச் செய்கிறவர் மேசையில் கோப்பு குவியும் அலுவலக நியாயம்தான். தப்பு செய்தது இடுப்பு. தண்டனை கழுத்துக்கும் தோளுக்கும். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் முன்பக்கத் தசைகள் இறுகும், பின்தொடை மெலியும். மசாஜ் செய்பவரின் கை எட்டக்கூடிய இடம் இந்த இறுகிய தசைகள்தான். தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கையாலும் வளர்க்க முடியாது. முடியும் என்று ஒருவர் சொன்னால், நாயை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே கட்டாமல் இருந்தால் நல்லது.

இன்னொரு பலனும் உண்டு, என் கணக்கில் அதுவே பெரியது. வலித்தால் நாய் கத்தும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மிதித்தால் கத்தும், உண்மை. நாட்பட்ட மூட்டுவலிக்குக் கத்தாது. எழுந்திருக்க நேரம் எடுக்கும், மாடிப்படி முன் நின்று யோசிக்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், தொட்டால் சிடுசிடுக்கும். நாம் "வயசாச்சு" என்று சொல்லிவிட்டு நகர்வோம். வாரத்தில் இரண்டு நாள் உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்கும் கைக்கு, எந்த இடம் சுடுகிறது, எங்கே தொட்டால் தோல் துடிக்கிறது, எந்தத் தொடை இளைத்திருக்கிறது என்று முன்பே தெரிந்துவிடும்.

இனி இரண்டாம் பாதி. "மருந்து என்று நம்பினாலே மனிதனுக்குப் பாதி குணம், நாய்க்கு அந்த நம்பிக்கை கிடையாது, அதனால் நாய் தேறினால் அது உண்மையான குணம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி புத்திசாலித்தனமானது; பதில் வருத்தமானது. நாய்க்கு நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன, கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்கு இருக்கிறதே! மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்கள் பற்றிய ஓர் ஆய்வு 2012-இல் அமெரிக்காவில் வெளியானது. ஒரு மருந்துச் சோதனையில் மருந்தே இல்லாத போலி மருந்தைப் பெற்ற நாய்கள் அவை. கால் எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்று அளக்கும் கருவி "முன்னேற்றமில்லை" என்றபோதும், வளர்ப்பவர்கள் சுமார் 40 சதவீதம் முறை "தேறிவிட்டது" என்றார்கள். மருத்துவர்களாவது தப்பித்தார்களா? அவர்கள் ஏமாந்தது சுமார் 45 சதவீதம். படிப்பு கண்ணைத் திறக்கும் என்பார்கள். இங்கே இன்னும் ஐந்து சதவீதம் மூடியிருக்கிறது. மசாஜ் பற்றி இங்கிலாந்தின் வின்செஸ்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 500-க்கும் மேற்பட்ட நாய்கள் இடம்பெற்றன. வலி குறைந்ததாக அதில் பதிவானது. ஆனால் மசாஜ் பெறாத நாய்களை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பதிவு செய்தவர்களில் மசாஜ் செய்தவர்களும் அடக்கம். சமைத்தவரிடமே ருசி கேட்டால் உப்பு சரியாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எல்லாமே பித்தலாட்டமா என்றால், இல்லை. சான்று மெலிந்திருக்கிறது என்பது ஒன்று, சான்று எதிராக இருக்கிறது என்பது வேறு. வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. தொடங்கும் முன் நாய் நடப்பதையும் படியேறுவதையும் கைபேசியில் படம் பிடியுங்கள்; ஒரு மாதம் கழித்து அதே படியில் மீண்டும் பிடியுங்கள். எது முன்னது, எது பின்னது என்று சொல்லாமல், உங்கள் மீதோ நாய் மீதோ பாசமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். உறவினர்களில் அப்படிப்பட்டவர் கிடைப்பது கஷ்டமில்லை.

"தெருநாய்க்கு யார் பிடித்துவிட்டார்கள்?" என்பது அடுத்த ஆட்சேபம். தெருநாய்களில் பெரும்பாலானவை மூட்டு தேயும் வயதுவரை வாழ்வதில்லை. வீட்டு நாய் வாழ்கிறது. அதுவும் வழுக்கும் டைல்ஸ் தரையில், பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் வாழ்கிறது. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாவுவரை தொடர்ந்து கவனித்த ஒரு புகழ்பெற்ற ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. ஜோடி ஜோடியாகப் பிரித்ததில், தன் ஜோடி நாயைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை, சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஆகவே ஒரு கையால் தோளை நீவி, மறு கையால் ரஸ்க் ஊட்டுவது சிகிச்சை ஆகாது. முதலில் எடை, பிறகு தரையில் ஒரு விரிப்பு, டாக்டர் எழுதிய மருந்து. மசாஜ் அவற்றோடு சேர்ந்து வர வேண்டியது.

காய்ச்சல், புண், புதிய வீக்கம், எலும்பு முறிவு, இன்னதென்று தெரியாத கட்டி இருந்தால் கை வைக்கக் கூடாது. நீண்ட முதுகுள்ள டாஷண்ட் திடீரென்று பின்னங்கால்களை இழுத்தால் அது முதுகுத்தண்டு வட்டுக் கோளாறாக இருக்கலாம். பிடித்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நீவும்போது நாய் முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, காரணமின்றிக் கொட்டாவி விட்டாலோ நிறுத்திவிடுங்கள். நமக்குப் போடும் வலி மாத்திரையை அதற்குக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, பாட்டி காலத்துப் பாசத்தில் தைல பாட்டிலை எடுத்துவிடாதீர்கள்: அதில் இருக்கும் கற்பூரமும் வின்டர்கிரீன் எண்ணெயும் நாய்க்கு விஷம், தேய்த்த இடத்தை அது நக்கியே தீரும். டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, வெறும் கையால் நீவுங்கள்.