பண்ணைக்கே போய் வாங்குகிறவர்

கறிக்கடையில் வெட்டி வைத்ததை வாங்கிப் போகிறவர்கள் ஒரு ரகம். கூண்டுக்குள் விரலை நீட்டி, "அந்தச் செவலையைப் பிடிப்பா" என்கிறவர்கள் இன்னொரு ரகம். "கடைங்கறதே ஏமாத்து வேலைங்க, நேரா பண்ணைக்கே போயிரணும்" என்று கார்ச் சாவியை எடுக்கிற மூன்றாவது ரகம் பண்டிகைக்குப் பண்டிகை ஊருக்கு வந்துவிடும். பண்ணைப்பிரியர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பொங்கல் சமயத்தில் அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற சாலையில் நின்றால் அவரைப் பார்க்கலாம். கர்நாடகப் பதிவெண் கார். மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் கண்ணாடியை இறக்கி, "இங்க ஆர்கானிக்கா வான்கோழி வளர்க்கறவங்க யாராவது இருக்காங்களா?" என்று வெளியூர்க்காரர் போலக் கேட்பார். பிறந்து வளர்ந்ததெல்லாம் பக்கத்துக் கிராமம்தான். இப்போது பெங்களூரில் வேலை. நடுவில் கொஞ்ச காலம் டல்லாஸ்.

வினை டல்லாஸில்தான் ஆரம்பித்தது. அதுவரை பொங்கலை ஒட்டி வரும் கரிநாளுக்கு நாட்டுக்கோழி போதுமாக இருந்தது. நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்கள் முழு வான்கோழியை வாட்டி மேஜை நடுவே வைத்து அறுப்பதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, நாட்டுக்கோழி அவர் கண்ணுக்குப் புறா மாதிரி தெரிகிறது. "அங்ககூட பாதி ஐஸ்ல வெச்சதுதான். நம்ம ஊர்ல உயிரோடவே கிடைக்குது, ஒருத்தனுக்கும் அருமை தெரியல" என்பார். அருமை தெரியாத அந்த ஒருத்தன் பெரும்பாலும் அவருடைய மைத்துனர்.

குடும்பம் தீர்த்தமலை ஏறப் போயிருக்கும். மேலே ராமர், கௌரி, குமாரர், அகத்தியர், அக்னி என ஐந்து தீர்த்தங்கள். ராமர் அம்பு விட்டு வரவழைத்ததாகச் சொல்கிற தண்ணீர் பாறையிலிருந்து விழ, அடியில் நின்று குளித்துவிட்டு, குரங்குகளிடமிருந்து தேங்காய் மூடியைக் காப்பாற்றிக்கொண்டு இறங்குவார்கள். நம்மவர் அடிவாரத்தோடு சரி. அவருடைய தீர்த்த யாத்திரை புளியமரத்தடி வலைப்பட்டி நோக்கி.

பண்ணை என்றதும் அவர் மனதில் ஒரு படம் உண்டு. கோழி, வாத்து, வான்கோழி, ஆடு, கன்றுக்குட்டி எல்லாம் ஒன்றாக ஓடித் திரிய வேண்டும். இங்கே வான்கோழி தனிப்பட்டியில் இருப்பதைப் பார்த்ததும் முகம் சுண்டும்.

"ஏம்மா, இதுங்களை அடைச்சு வெச்சிருக்கீங்க? கோழியோட சேர்ந்து மேயவிட்டாத்தானே இயற்கை?"

"கோழியோட விட்டா அதுங்ககிட்ட இருந்து இதுக்குச் சீக்கு வந்துரும் தம்பி. ஈரல் கெட்டுப் பட்டுன்னு போயிரும். கால்நடை டாக்டரம்மா தனியா வெக்கச் சொன்னாங்க."

கருந்தலை நோய் என்பார்கள். கோழி அதைத் தாங்கும், வான்கோழி தாங்காது. பண்ணைப்பிரியர் இதைக் காதில் வாங்கமாட்டார். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தீவனம் என்ன? தடுப்பூசி போட்டீர்களா? போட்டிருந்தால் ஏன்?

"போடலைன்னா நீங்க வந்து பாக்கறதுக்கு உருப்படி இருக்காது தம்பி."

அந்த அம்மாவுக்குச் சொல்ல விஷயம் நிறைய இருக்கிறது. கோழிமுட்டை 21 நாளில் பொரியும், இது 28 நாள். பொரிந்த குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது. தீவனம் பக்கத்திலேயே இருந்தாலும் பட்டினி கிடந்தே சாகும். வண்ணக் கோலிக்குண்டுகளைத் தண்ணீரிலும் தீவனத்திலும் போட்டு வைத்தால், பளபளப்பைக் கொத்தப் போய்த் தின்னக் கற்றுக்கொள்ளும். மூன்று நான்கு வாரம் கண்விழித்தால்தான் பாதிக்கு மேல் தேறும். பண்ணையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதுதான். பண்ணைப்பிரியர் அந்த நேரத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்.

எடுப்பதற்கும் நியாயம் உண்டு. சேவல் தோகையை விரித்து நிற்கும்போது பார்க்க வேண்டும். மூக்கின் மேல் தொங்குகிற சதை நீள்கிறது. தலை சிவக்கிறது, வெளுக்கிறது, நீலமாகிறது. 1612-ல் கோவாவிலிருந்து அரசவை அதிகாரி முகர்ரப் கான் கொண்டுவந்த வான்கோழியைப் பார்த்து ஜஹாங்கீர் பாதுஷாவே இந்த நிறமாற்றத்தில் மயங்கி நினைவுக்குறிப்பில் எழுதி வைத்தார். அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழிப் படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதுஷாவுக்கு மன்சூர், நம்மவருக்கு மச்சினன் பிடிக்கிற செல்போன். ஔவையார் மூதுரையில் மயிலோடு ஒப்பிட்டு வான்கோழி என்ற பெயரின் மானத்தை வாங்கியதை அந்த நேரத்தில் நினைவுபடுத்தாமல் இருப்பது நல்லது.

இன்னொரு குணம். பலத்த சத்தம் கேட்டால் சேவல் பதில் கொடுக்கும். பண்ணைப்பிரியர் செல்போனில், "ஆமா, லைவ்வா பண்ணையிலதான் நிக்கறேன்!" என்று கத்துவார். "கொளகொளகொள" என்று அது ஆமோதிக்கும். அவர் மறுபடி கத்துவார், அதுவும் மறுபடி. உரையாடல் இரண்டு தரப்புக்கும் திருப்தியாக நடக்கும்.

அறிவைக் காட்டாமல் அவரால் ஒன்றை வாங்க முடியாது. "அமெரிக்கால வருஷாவருஷம் ஜனாதிபதியே ஒரு வான்கோழிக்கு மன்னிப்பு குடுப்பாரும்மா. 1989-ல பெரிய புஷ் காலத்துல இருந்து."

"அது என்னா தப்பு பண்ணுச்சு தம்பி, மன்னிக்கறதுக்கு?"

இதற்கு டல்லாஸில் பதில் சொல்லித்தரவில்லை. பேச்சை மாற்றிச் சோதனைக்கு இறங்குவார். நெஞ்சு ரோமத்தை ஊதித் தோலைப் பார்ப்பார். நெஞ்செலும்பை அமுக்குவார். கால்முள்ளைத் தடவி வயசு சொல்வார். அம்மா வேறு வயசு சொல்வார். காலைக் கட்டித் தராசில் தொங்கவிட்டதும் அடுத்த சந்தேகம்: "காலையில இரை போட்டீங்களா? எடை ஏறணும்னுதானே?" பட்டினி போட்டிருந்தால் அதையும் கேட்டிருப்பார், கொடுமை என்று.

நாலு கிலோ பெட்டையை அந்த அம்மா காட்டுவார். அவர் கை எட்டு கிலோ சேவலுக்குத்தான் போகும். வெட்டித் தரட்டுமா என்றால், வேண்டாம், முழுசாக வேண்டும் என்பார். அரூர் வரை லாரி ஹாரன் ஒவ்வொன்றுக்கும் டிக்கியிலிருந்து பதில் போய்க்கொண்டிருக்கும்.

கரிநாள் காலையில் உரித்த பிறகுதான், பெங்களூரிலிருந்து தூக்கி வந்த மின்னடுப்பில் அது பாதிகூட நுழையாது என்பது தெரியவரும். கறிக்குள் குத்தி 74 டிகிரி பார்க்க வாங்கி வைத்த வெப்பமானி பெட்டியிலேயே கிடக்கும். அவருடைய அம்மா அரிவாள்மனையை எடுப்பார். முழு வான்கோழி துண்டு துண்டாகி, மிளகும் மல்லியும் அரைத்துவிட்ட குழம்பாக விறகடுப்புக்குப் போகும். முற்றல் சேவல், காலெல்லாம் நார். பதினொரு மணிக்கு வேகும் என்றார்கள், பன்னிரண்டுக்கும் வேகவில்லை. ஒரு மணிக்கு மைத்துனர் குழந்தைகளை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு, கையில் சிக்கன் 65 பொட்டலத்தோடு வருவார். பண்ணைப்பிரியர் மட்டும் மூன்று மணிக்கு இலை போட்டு, "இந்த ருசி பிராய்லர்ல வருமா?" என்று மெல்லுவார். மென்றுகொண்டே இருப்பார்.

உங்களுக்கும் ஆசை இருந்தால் தாராளமாகப் போய் வாங்குங்கள், நல்ல கறிதான். இளம் பெட்டையாகக் கேளுங்கள், அங்கேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். வளர்த்த அம்மாவிடம் கேள்வி கேட்டே தீர வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்?