செட்டிங் அண்ணன்

பகாவ் பக்கமோ ரந்தாவ் பக்கமோ, நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும் செட்டிங் அண்ணனைத் தேடி அலைய வேண்டியதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும். அதற்குப் பக்கத்தில் அவர் குந்தியிருப்பார். பகலில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். அதில் திருகிப் பார்க்க அதிகம் ஒன்றும் இல்லாதது தோட்ட நிர்வாகத்தின் அதிர்ஷ்டம். கோயில் மைக் செட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திருவிழாவில் அவர் பேஸைக் கூட்டினால் அம்மன் பாட்டில் அம்மன் பெயரே கேட்காது.

சாயங்காலம் ஆனதும் அவருடைய சொந்த ராஜ்ஜியம் தொடங்கும்: பிபிஎஸ்எஸ்பிபி. சோனி 2004 கடைசியில் ஜப்பானில் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை இறக்கியபோது அதை வாங்கித் தர லயத்தில் யார் இருந்தார்கள்? 2012 நவம்பரில் ஹென்ரிக் ரிட்கோர்ட் என்ற ஸ்வீடன்காரர் இந்த இலவச எமுலேட்டரை வெளியிட்டார். பிறகு அந்த விளையாட்டுகளெல்லாம் மலிவு போனிலேயே ஓட ஆரம்பித்தன. டெக்கன் 6 என்ற சண்டை ஆட்டம் ஆடும் பையன்கள் பிறந்ததே பிஎஸ்பிக்குப் பிறகுதான். விளையாட்டுக் கோப்பு எங்கே கிடைத்தது என்று மட்டும் அவர்களைக் கேட்கக் கூடாது.

ஆட்டம் ஒழுங்காக ஓடினால் அண்ணனுக்குப் பொறுக்காது. “டேய் தம்பி, இது என்னடா கிராபிக்ஸ்? இப்படிக் கொடு.”

கொடுத்தால் தீர்ந்தது. பிஎஸ்பியின் திரை 480×272 புள்ளிதான். அண்ணன் ரெண்டரிங் ரெசல்யூஷனைப் பத்து மடங்கில் வைப்பார். 4800×2720! போன் திரையில் அதில் கால்வாசிகூடத் தெரியாது, ஆனால் வேலை நூறு மடங்கு. போன் இஸ்திரிப் பெட்டி ஆகிவிடும். ஆட்டம் திக்குகிறதா, ஃபிரேம் ஸ்கிப்பை ஏற்றுவார். இப்போது வீரன் தாவுவதும் விழுவதும் தெரியும், நடுவில் என்ன நடந்தது என்பது தெரியாது. அப்புறம் படம் வரையும் முறையில் ஓபன்ஜிஎல்லை வல்கனாக்குவார். அந்தப் போனுக்கு அது ஒத்துவராது. திரை கறுத்துவிடும்.

“யாருடா இதுல கை வெச்சது?” என்று முதலில் கேட்பதும் அவர்தான்.

அடுத்தது வைத்தியம். “போய் ஒரு தே ஓ ஐஸ் வாங்கிட்டு வா, ஓடு” என்று போன்காரப் பையனை ஒரு பக்கம் விரட்டிவிட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் அந்த ஒரே பொத்தானைத் தட்டுவார். திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று அது கேட்கும். சம்மதம். எமுலேட்டரை மூடித் திறந்தால் முடிந்தது வேலை. ஆனால் பையன் தே ஓவோடு வரும்வரை நெற்றியைச் சுருக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். “சேவ் போயிருக்குமா அண்ணே?” என்று அவன் கலங்கினால், “நான் காப்பாத்திட்டேன்டா” என்பார். சேவ் எப்போதுமே வேறு ஃபோல்டரில் இருக்கிறது. அந்தப் பொத்தான் அதைத் தொடுவதே இல்லை.

அது தொடாத வேறு இரண்டும் உண்டு. ஒரு விளையாட்டுக்கென்று தனி செட்டிங் சேமித்திருந்தால் பொது செட்டிங்கை மீட்கும்போது அது அசையாது. எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்ற கண்ட்ரோல் மேப்பிங்கும் அசையாது. அதைத் தனியாகவே மீட்க வேண்டும். அண்ணனோ இரவுச் சந்தையில் வாங்கிய புளூடூத் கண்ட்ரோலரில், “கைக்கு வசதியா இருக்கும்” என்று குத்தையும் உதையையும் எப்போதோ மாற்றிவைத்துவிட்டார். எத்தனை முறை மீட்டாலும் அது மட்டும் அப்படியே நின்றது. லயமே அதில்தான் டெக்கன் பழகியது.

பள்ளி விடுமுறைக்குச் சிரம்பானிலிருந்து ஒரு பையன் வந்தான். குத்தினால் உதைக்கிறது என்றான். யாரையும் கேட்காமல் மேப்பிங் பக்கத்தைத் திறந்து, ஒரே தட்டில் எல்லாவற்றையும் ஆதி நிலைக்குக் கொண்டுபோய்விட்டு ஊருக்குப் பஸ் ஏறினான்.

அன்று சாயங்காலம் பையன்கள் கூட்டமாக டிராக்டர் கொட்டகைக்கு ஓடினார்கள். “அண்ணே, கண்ட்ரோலர் கெட்டுப்போச்சு! எந்தப் பட்டனும் சரியா வேலை செய்யல!”

அண்ணன் வாங்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“டிஃபால்ட்ல வெச்சா இப்படித்தான்டா ஆகும். போய் தே ஓ வாங்கிட்டு வா.”