பொட்டு பார்த்து வயரைச் செருகு, மோனை

வா மோனை, இரு. ஹெட்போன் அம்பிளிபயர் வாங்கிப்போட்டாயாம். பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலை விலை கேட்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலை பேரம் பேசி... கெட்டிக்காரன்தான். ரீவிக்குப் பின்னாலை என்ன பொட்டுக் கிடக்கெண்டு பார்த்துப்போட்டே போனனீ? பொம்பிளை பார்க்க முன்னம் பொன்னுருக்கின மாதிரியெல்லோ கிடக்கு!

எண்ணம் நல்லதுதான். வெள்ளவத்தை மாடிவீட்டிலை நீ இராவிராவாய்ப் படம் பார்க்க, மேல்வீட்டு ஆச்சிக்கு வசனமெல்லாம் பாடம்.

சிவப்பும் வெள்ளையுமாய் ரண்டு பொட்டைக் கண்டவுடனை செருகிப்போட்டு, 'பெட்டி பழுது அப்பப்பா' எண்டு கத்தினாய். பக்கத்திலை 'இன்' எண்டு எழுதிக் கிடக்கெல்லே? அது டிவிடிச் சத்தம் உள்ளுக்குப் போற வழி. விடிய விடியக் காத்திருந்தாலும் அதாலை ஒண்டும் வெளியிலை வராது.

ஹெட்போன் பொட்டு இருந்தால் சுகம். ரீவிச் சத்தத்தை உயர்த்தி வைச்சு, மிச்சத்தை அம்பிளிபயரிலை திருகு; மாறிச் செய்தால் இரைச்சல்தான் பெருகும். ஆனால் செருகினவுடனை அனேகமாய் ரீவியின்ரை வாய் மூடிப்போம். அப்பம்மாவின்ரை சீரியல் நடுவிலை ஊமையானால் நான் பொறுப்பில்லை.

அந்தச் சதுரப் பொட்டுக்குள்ளை சிவப்பாய் மினுங்குதே, அது ஒப்டிக்கல். தோஷிபாக்காரன் 1983இலை கொண்டுவந்தது. அதாலை வாறது வெளிச்சம். சும்மா அம்பிளிபயருக்கு வெளிச்சம் விளங்காது. நடுவிலை டாக் எண்டொரு சின்னப் பெட்டி வேணும். திரும்பவும் புறக்கோட்டைக்கு ஓடாதை, பொறு! உன்ரை அம்பிளிபயரின்ரை பின்பக்கத்தை முதலிலை பார். அதிலையே ஒப்டிக்கல் பொட்டு இருந்தால் காசு மிச்சம். பிறகு ரீவியின்ரை ஓடியோ அமைப்பிலை பிசிஎம் எண்டதைத் தெரி. டொல்பியிலை விட்டால் ஒண்டில் ஊமை, இல்லாட்டிக் கரகரப்பு. ரிமோட்டுக்கும் இந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்காது. எழும்பிப் போய்த்தான் திருகவேணும். உன்ரை வண்டிக்கும் நல்லது.

கண்டபாட்டுக்கு முறுக்காதை. 80 டெசிபல் எண்டால் கிழமைக்கு 40 மணித்தியாலம் எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைச்சிருக்கு. மிஞ்சினால், என்ரை வயது வரமுன்னமே என்ரை காது உனக்கு வந்திடும்.

ஒப்டிக்கலிலை இன்னொரு வசதி: சில ரீவியளிலை ஸ்பீக்கரும் கூடவே பேசும். அப்பம்மாவுக்கு ஸ்பீக்கர், உனக்கு ஹெட்போன்.

உன்ரை பழைய ஹெட்போன் இருந்தால் எறிஞ்சு போடாதை, என்னட்டைத் தா. ஒரு பொட்டிலையும் செருகவேண்டாம். சும்மா காதிலை மாட்டிக்கொண்டு கதிரையிலை இருந்தால் காணும். அப்பம்மா சந்தைக்குப் போகச் சொல்லுறது எனக்குக் கேளாது.