லண்டன் பொயிலருக்கு இலுப்பைக்கடவைத் தீர்ப்பு

லண்டனில் ஹரோப் பக்கம் இருக்கிற என் தங்கச்சி வீட்டை விற்கப் போகிறாள். குசினிச் சுவரில் இருந்து வீட்டையும் தண்ணியையும் சூடாக்குகிற பொயிலர் பழசு. அதை மாத்திப்போட்டு விற்பதா, கிடக்கிறபடியே விற்பதா என்பதில் அவளுக்கும் மச்சானுக்கும் முகம் பார்க்கேலாத அளவுக்குச் சண்டை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: அண்ணை சொல்லட்டும்.

அண்ணை என்பது நான். மன்னார் – பூநகரி ஏ32 வீதியோரம், இலுப்பைக்கடவையில் வாழ்கிறவன். எங்கள் வளவில் சுடுதண்ணிக்கு ஒரு தட்டுப்பாடும் இல்லை. பங்குனி, சித்திரையில் மத்தியானம் பைப்பைத் திறந்தால் கூரைத் தாங்கியிலிருந்து வருகிற தண்ணியில் கால் கழுவவே துணிச்சல் வேண்டும். வாளியில் பிடித்து, வேப்பமர நிழலில் ஆறவிட்டுத்தான் குளிப்பு. மார்கழியில் பாகை 24க்கு இறங்கினால் கிழவர்மார் காதுக்கு மப்ளர் சுற்றுவார்கள். ஊரின் குளிர்காலம் அவ்வளவுதான். வாழ்நாளில் நான் கண்ட ஒரே பொயிலர், முருங்கன் பக்கத்து அரிசி மில்லில் நெல்லு அவிக்கிற இரும்புப் பூதம். தங்கச்சி அனுப்பிய படத்தில் அலுமாரிக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. "இதுக்குள்ள எத்தனை மூட்டை அவிக்கலாம்?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

எடுத்த பொறுப்பை அரைகுறையாய்ச் செய்யக்கூடாது என்று பொயிலரைப் படிக்கத் தொடங்கினேன். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் பூட்டுகிற காஸ் பொயிலர் ஆவியைத் தண்ணியாக்குகிற ரகமாக இருக்க வேண்டும் என்று சட்டம். பழைய ரகம் காஸை எரித்து, கிடைத்த சூட்டில் ஒரு பங்கைப் புகைக்குழாயால் ஊருக்குத் தானம் செய்துவிடும். புது ரகம் வெளியே போகிற புகையை மறித்து, அதிலிருக்கிற நீராவியைத் தண்ணியாக்கி, அந்தச் சூட்டையும் பிடுங்கிக்கொள்ளும். தங்கச்சியின் பொயிலர் அந்தச் சட்டத்துக்கு முன்னம் பூட்டினது, தானம் செய்கிற சாதி.

எரிகிற பகுதியில் கை வைக்கவும் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் பேருள்ள ஆளாய் இருக்க வேண்டுமாம். 2009க்கு முன்னம் அந்தப் பதிவேட்டுக்கு 'கோர்கி' என்று பெயர். எங்கள் மண்ணெண்ணெய்த் தண்ணிப் பம்பில் ரோட்டால் போகிற யாரும் கை வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள்.

பிறகு விலை வந்தது. பூட்டுகூலியும் சேர்த்து 2,800 பவுண். ஒரு பவுண் 400 ரூபா என்று போட்டுப் பார்த்தேன், பதினொரு லட்சத்துக்கு மேலே போனது. போர் முடிந்து ஊர் திரும்பிய சனத்துக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கட்டத் தந்த காசு ஐந்தரை லட்சம். அது 2012ஆம் ஆண்டுக் காசு, இன்றைக்கு அதன் பெறுமதி வேறு, அதோடு கடனும் பட்டுத்தான் சனம் வீட்டை முடித்தது. இருந்தாலும் மனக்கணக்கு நிற்கவில்லை: மச்சானின் குசினி அலுமாரிக்குள் இரண்டு இந்திய வீடுகள் தொங்கப் போகின்றன.

மச்சானின் வாதம் லேசுப்பட்டதல்ல. "மச்சான், மாசி மாசம் பார்க்க வாறவன் றேடியேற்றரில கை வைப்பான். சூடு இல்லையெண்டா அங்கேயே அஞ்சாயிரம் குறைச்சுக் கேப்பான்." தங்கச்சியின் வாதம் அதைவிடப் பலம். "வாறவன் எப்பிடியும் குசினியை இடிச்சுப் பெருப்பிப்பான் அண்ணை. நான் பூட்டின புதுப் பொயிலரைக் கழட்டி மூலையில வைப்பான். அதுக்கு நான் ஏன் காசு குடுக்க?" எனக்குப் பேசியவர் பக்கமே நியாயம் தெரிந்தது. அவர்களின் இரவு பத்து மணி குளிர்காலத்தில் எனக்கு விடியப்புறம் மூன்றரை. அந்த நேரத்தில் யார் பேசினாலும் நியாயமாகத்தான் இருக்கும்.

அங்கே வீடு விற்கிறவர் நிரப்ப வேண்டிய பத்திரங்களையும் படமெடுத்து அனுப்பினாள். ஒன்று, எப்போது பூட்டியது, ஒழுங்காக வேலை செய்கிறதா, கடைசியாக எந்த வருஷம் சேர்விஸ் செய்தது என்று கேட்கிறது. இன்னொன்று எதை விட்டுப் போவீர்கள், எதைக் கழற்றுவீர்கள் என்று திரைச்சீலைக் கம்பி வரை விசாரிக்கிறது. லைட்டைக் கழற்றினால் பல்ப் பூட்டுகிற கூட்டையாவது விட்டுப் போக வேணுமாம். 2008இல் நாங்கள் இந்த ஊரை விட்டுப் போகும்போது கூரை ஓடுகளையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். அன்றைக்கு யாராவது இந்தப் பத்திரத்தை நீட்டியிருந்தால், 'விட்டுப் போவது' என்ற இடத்தில் கிணறு என்று எழுதியிருப்போம்.

எங்கள் பக்கத்தில் காணி பார்க்க வருகிறவனுக்கு இரண்டே கேள்விதான். கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியோ, உவரோ? ஒரு செம்பு அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கதைப்பான். அடுத்தது, உறுதிக் காணியோ, அனுமதிப்பத்திரக் காணியோ? அனுமதிப்பத்திரம் என்றால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும், நினைத்தபடி விற்கேலாது. அதைக் கேட்டதும் வந்தவன் செம்பைக் கழுவி வைத்துவிட்டுச் சைக்கிளை எடுப்பான். இந்த அனுபவத்தில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. வாங்குகிறவன் பயப்படுவது பழசுக்கு அல்ல, ஒளிச்சு வைத்ததுக்கு.

ஆகவே தீர்ப்பு: பொயிலரை மாத்த வேண்டாம். பதிவுள்ள ஆளைப் பிடித்துச் சேர்விஸ் செய்து, துண்டை வாங்கி வையுங்கோ. நூறு பவுண் சொச்சத்தில் முடியும். பத்திரத்தில் வயதை உள்ளபடி எழுதுங்கோ. வாங்குகிறவன் குறைத்துக் கேட்டால் கொஞ்சம் விடுங்கோ, 2,800 பவுணையும் விடாதையுங்கோ. பார்க்க வருகிற அன்று மட்டும் ஹீற்றிங்கைக் காலையிலேயே போட்டு வையுங்கோ, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். மச்சான் கொஞ்சம் குறைவாகத்தான் ஆட்டினார்.

மாசியில் ஒரு குஜராத்திக் குடும்பம் வீடு பார்க்க வந்தது. றேடியேற்றரில் ஒருவரும் கை வைக்கவில்லை. சேர்விஸ் துண்டை மச்சான் தானாக நீட்டியும் பார்க்கவில்லை. கூட வந்த மூதாட்டி ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து, வீட்டைச் சுற்றி நடந்து, குசினி அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாராம். நெருப்பு எரிகிற பெட்டி ஈசான மூலையில் இருக்கிறது.

அன்றைக்கும் விடியப்புறம் மூன்றரைக்கு ஃபோன் அடித்தது. "மச்சான், பொயிலரை அக்கினி மூலைக்கு மாத்தினால் அவை எடுப்பினமாம். உங்களுக்கு இதுகளைப் பற்றி ஏதும் தெரியுமே?"

எழும்பி லைட்டைப் போட்டு, கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக இருந்தேன். "அப்பிடிக் கேளும்" என்றேன்.