துவைக்கத் துணி வேண்டும்

பணி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி புதிதாக ஒரு மொழி படிக்கக் கிளம்பினால், நம் ஊரில் அதற்குப் பின்னால் ஒரு பிரசவம் இருந்தாக வேண்டும். ஜெர்மன் என்றால் மகளுக்கு ம்யூனிக்கில் ஏழாம் மாதம். பிரெஞ்சு என்றால் மருமகளுக்கு மாண்ட்ரியாலில் எட்டாம் மாதம். நான் இத்தாலியன் படிக்கிறேன் என்றதும் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு எத்தனாவது மாசம்?" என் மகள் இருப்பது சோழிங்கநல்லூரில். அங்கே இத்தாலியன் தெரியாமலே பிரசவம் பார்க்கிறார்கள். "பிடிச்சிருக்கு அண்ணி, அதான் படிக்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. குடும்பத்திடம் எதையோ மறைக்கிறேன் என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

வயதான பிறகு மொழி தலையில் ஏறாது என்பது என் அண்ணனின் கட்சி. அவரிடம் வீரமாமுனிவரைச் சாட்சிக்கு இழுத்தேன். 1680இல் வட இத்தாலியில் பிறந்தவர். முப்பது வயதை எட்டிய பிறகு நம் பக்கம் வந்து தமிழ் படித்தார். 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார், போகிற போக்கில் நம் ஏகார ஓகாரங்களின் வடிவத்தையும் சரிசெய்துவிட்டுப் போனார். "அவருக்கு அது வேலை. உனக்கு என்ன வந்துது?" என்றார் அண்ணன். "நான் அவங்க எழுத்தைத் திருத்தப் போகலைண்ணா, காபி கேட்டு வாங்கினாப் போதும்."

உண்மையைச் சொன்னால், இந்த மொழிக்குத் தமிழ் நாக்கோடு பகை கிடையாது. மெய்யை இரட்டித்து அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தாவிட்டால் பொருள் மாறி மானம் போகும். ஆங்கிலக்காரர்கள் அங்கேதான் அல்லாடுகிறார்கள். பாடு வேறு, பாட்டு வேறு என்று வளர்ந்த நமக்கு அது பாட்டன் சொத்து. ஞகரம் இருக்கிறது. வினையின் வாலைப் பார்த்தே பேசுகிறவர் யாரென்று தெரிந்துவிடுவதால், வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான் நான்' என்று மார்தட்ட வேண்டியதில்லை. இவ்வளவு சுலபமா என்று நான் மிதந்துகொண்டிருந்த நேரத்தில் முட்டைப் பாடம் வந்தது.

தொல்காப்பியர் கரண்டியையும் கதவையும் அஃறிணையில் தள்ளிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். இத்தாலியனில் அஃறிணையே இல்லை. கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி ஆண், கதவு பெண். கல்யாண மண்டபத்தில் நுழைகிறவர் போல, யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்று விசாரித்துக்கொண்டுதான் சமையலறைக்குள் வாயைத் திறக்க வேண்டும். இதையாவது உருப்போட்டுவிடலாம். முட்டை இருக்கிறதே, அது ஒற்றையாக இருக்கும்வரை ஆண், இரண்டானால் பெண். அரை டஜன் வாங்கி வைத்து ஐந்தை ஆம்லெட் போட்டுவிட்டால், மிச்சமிருக்கும் ஒன்று ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஆணாகிவிடுகிறது. கைவிரலுக்கும் இதே சுபாவம். போதாததற்கு, ஆங்கிலத்தில் 'தி' ஒற்றை ஆளாகப் பார்க்கும் வேலைக்கு இங்கே ஏழு பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.

மரியாதை விஷயம் இன்னும் விசேஷம். நாம் ஒருவரைப் பலராக்கி மரியாதை கொடுக்கிறோம். அவர்கள் எதிரில் நிற்பவரை 'அவள்' ஆக்கிவிடுகிறார்கள். கிருதா மீசை வைத்த போஸ்ட்மாஸ்டரிடமும் "அவள் நலமா?" என்றுதான் அவரையே கேட்க வேண்டும். முசோலினிக்கு இது ஆகவில்லை. அடிமைப் புத்தி, அந்நியச் சரக்கு என்று 1938இல் இந்த வழக்கை ஒழிக்கக் கிளம்பினார். 'அவள்' என்ற பொருளில் பெயர் வைத்திருந்த பெண்கள் பத்திரிகைகூட 'அன்னபெல்லா' என்று பெயரை மாற்றிக்கொண்டது. முசோலினி போய்ச் சேர்ந்தார். 'அவள்' திரும்பி வந்துவிட்டாள்.

வீட்டில் உட்கார்ந்து இத்தனையையும் மனப்பாடம் செய்வதைவிட, அங்கேயே போய்ப் படித்தால் என்ன என்ற யோசனை இப்படித்தான் பிறந்தது. பெருஜாவில் வெளிநாட்டினருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1921இல் வகுப்பாகத் தொடங்கியது. சியெனாவிலும் அதேபோல ஒன்று. எந்த ஊர் இத்தாலியன் சுத்தம் என்று கேட்டால், டஸ்கனி நாக்கு ரோமாபுரி வாயில் இருக்க வேண்டும் என்று பழமொழி சொல்கிறார்கள். அதாவது சியெனாவில் ஃபீஸ் கட்டிவிட்டு ரோமில் வீடு பிடிக்க வேண்டும். ஃபிளாரன்ஸ்காரர்களோ உயிர்களுக்கு நடுவே வரும் ககரத்தை ஹகரமாக ஊதிவிடுகிறார்கள். வீட்டைக் குறிக்கும் 'லா காசா' அங்கே 'லா ஹாசா'. அகம் என்று எழுதிவிட்டு அஹம் என்று படிக்கிற நமக்கு அவர்கள் தூரத்துச் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும்.

தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கிப் படிப்பதென்றால் தனி விசா. போய் இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் படிவ உறை வாங்கி, தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் 16 யூரோ ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். படிப்பை முடித்தால் மட்டுமே நிரப்பக்கூடிய படிவத்தைப் படிக்கவந்த முதல் வாரமே நிரப்பச் சொல்கிறார்கள். வங்கியில் காலம் தள்ளிய எனக்கு இதில் பயமில்லை. படிவத்தை இப்படி அமைப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் என் இனம்தான்.

பயமெல்லாம் வீட்டார் மேல். வகுப்பு காலையில் மட்டும் என்று தெரிந்ததும், மத்தியானங்களைக் குடும்பம் பங்கு போட்டுக்கொண்டது. மகளுக்குத் தோல் பை. நாத்தனாருக்குப் பதுவை அந்தோணியார் கோயில். "உன்னைத் தனியா எப்படி விடறது?" என்று வீட்டுக்காரரும் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தார். இவ்வளவு பேரும் கூட வந்தால் நான் ஃபிளாரன்ஸின் ஆர்னோ நதிக்கரையிலும் தாம்பரம் தமிழ்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

இதற்குள் தோழி ஒருத்தி, பலெர்மோவில் இருக்கும் தன் உறவுக்காரப் பெண்ணைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். இலங்கைத் தமிழர் நிறையப் பேர் வாழும் ஊர் அது. "பள்ளிக்கூடமோ அக்கா? நாங்கள் வேலை செய்யிற வீடுகளிலதான் பாஷை படிச்சனாங்கள்" என்றார் அவர். நீண்டகால அனுமதிக்கு ஏ2 நிலை, குடியுரிமைக்கு பி1 நிலைத் தேர்வு என்று சட்டம் இருக்கிறது. நான் ஆசைக்குப் படிக்கும் அதே பாடத்தை அவர் வயிற்றுப்பாட்டுக்குப் படித்திருக்கிறார். என்னை அங்கே வரச் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் தந்தார்: சந்தைக்குப் போனால் சிசிலியன்தான் காதில் விழும், இத்தாலியனைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அது புதுக் கதை அல்ல. 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது, இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்று துல்லியோ தே மவ்ரோ என்ற மொழியறிஞர் கணக்கிட்டார். மற்றவர்களுக்கு அது ஏட்டு மொழி. நூறு வருஷம் கழித்தும் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் ஏராளம். 1960 முதல் 1968 வரை ஆல்பெர்த்தோ மான்ட்ஸி என்ற ஆசிரியர் அரசுத் தொலைக்காட்சியில் கரித்துண்டால் படம் வரைந்து அவர்களுக்குப் பாடம் நடத்தினார். டிவி இல்லாதவர்கள் பொது இடங்களில் கூடி உட்கார்ந்து படித்தார்கள். நிகழ்ச்சியின் பெயர், 'காலம் கடந்துவிடவில்லை'. ஆக, வயதான காலத்தில் இத்தாலியன் படிப்பதில் என்னைவிட இத்தாலியர்களே முன்னோடிகள்.

அவர்களில் எனக்குப் பிடித்த மாணவர் அலெசாண்ட்ரோ மன்ஸோனி. மிலான்காரர். வீட்டில் பேச்சு மிலான் வட்டாரமொழியும் பிரெஞ்சும். இத்தாலியின் மாபெரும் நாவலான 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' நூலை எழுதி 1827இல் அச்சிட்டும் முடித்தார். மொழி போதவில்லை என்று பட்டது. 42 வயதில் ஃபிளாரன்ஸுக்குப் புறப்பட்டார். அன்று மிலான் ஆஸ்திரிய ஆட்சியில், டஸ்கனி தனி அரசு. வெளிநாட்டுப் படிப்பேதான். தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். இதை நாத்தனார் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அங்கிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில், துவைக்க வேண்டிய படுக்கை விரிப்புகள் 71 இருக்கின்றன என்றார். நாவலின் அச்சுத் தாள்களைத்தான் அப்படிக் கேலி செய்தார். ஆர்னோ போன்ற தண்ணீரும், தனக்கு உதவிய இரண்டு ஃபிளாரன்ஸ் அறிஞர்களைப் போன்ற சலவைக்காரர்களும் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. துவைத்தது ஒரு மாதம் போல. பிறகு ஊர் திரும்பி, எமிலியா லூத்தி என்ற ஃபிளாரன்ஸ் பெண்ணின் உதவியோடு வீட்டிலேயே அலசிப் பிழிந்து, 1840 முதல் 1842க்குள்தான் திருத்திய பதிப்பைக் காயப்போட்டார்.

வெளிநாட்டுப் படிப்புக்கான விளம்பரத் தாள்கள் எதுவும் சொல்லாத சங்கதி இது. அங்கே போனால் தண்ணீர் கிடைக்கும், துணி கிடைக்காது. துணியை இங்கிருந்துதான் மூட்டை கட்ட வேண்டும். என் இருப்பை எடுத்துப் பார்த்தேன்: ஒரு சுய அறிமுகம், ஒரு மளிகைப் பட்டியல், வெயிலைப் பற்றி ஒரு பத்தி. ஒரு கைக்குட்டை தேறும். அதற்காக ஒரு நதியைக் கேட்பது அதிகம்.

அதனால் தினமும் ஒரு பக்கம் இத்தாலியனில் எழுதுகிறேன். தப்பும் தவறுமாக, நன்றாக அழுக்காகவே எழுதுகிறேன், சலவைக்குப் போகிற துணிதானே. மன்ஸோனிக்கு ஃபிளாரன்ஸில் ஒரு மாதம், வீட்டில் பதினைந்து வருஷம் ஆயிற்று. நான் வீட்டுப் பதினைந்து வருஷத்தை முதலில் முடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு இதில் ஒரே ஒரு ஆட்சேபம்: அதற்குள் அவர் பாஸ்போர்ட்டை இரண்டாம் தடவை புதுப்பிக்க வேண்டி வருமாம்.